பறக்கத் தெரியாத சிறுமி

"குழந்தைகள் மந்திரக் கதைகளைக் கேட்கலாமா?" என்ற வினா நம் இல்லங்களுக்குப் புதியதன்று. திண்ணையில் அமர்ந்து அலாவுத்தீனின் விளக்கைப் பற்றிப் பாட்டிமார் கதை சொன்ன காலத்திலும் அது எழுந்தது. 1947ஆம் ஆண்டு தொடங்கிய அம்புலிமாமா வீடுகளுக்குள் நுழைந்தபோதும் எழுந்தது. இன்று அதே வினா கைப்பேசித் திரையின் வடிவில் நம் மடியில் வந்து அமர்ந்திருக்கிறது. முன்பு கதை சொல்பவர் யார் என்பதை நாம் அறிவோம். இன்று கதை எங்கோ ஒரு நாட்டில் உருவாகி, பெற்றோர் அறியாமலே பிள்ளையின் உள்ளத்தை அடைந்துவிடுகிறது. ஆகவே, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் தீர்ப்பளிப்பதற்கு முன், அந்தக் கதை யாது என்பதை நாமும் அமர்ந்து காண்பதே முறையாகும்.

கோடை விடுமுறைக்குத் தம்மம்பட்டிக்கு வந்திருந்த என் பேத்தியுடன் அவ்வாறு அமர்ந்து நான் கண்டது 'லிட்டில் விட்ச் அகாடெமியா' என்னும் ஜப்பானிய சித்திரத் தொடர். திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளை அவள் படித்துத் தமிழில் சொல்ல, நான் கேட்டுக்கொண்டேன். பாட்டனுக்குப் பேத்தி கதை சொல்லும் காலம் இது!

யோ யோஷினாரி என்பவர் இயக்க, டிரிகர் என்னும் நிறுவனம் உருவாக்கிய இத்தொடர், 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 25 பகுதிகளாக வெளிவந்தது. பின்னர் நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகெங்கும் பரவியது. மந்திரச் சிறுமியர் கதை ஜப்பானியருக்குப் பழகிய ஒன்று. 1966ஆம் ஆண்டிலேயே 'மந்திரக்காரி சாலி' என்னும் தொடர் அங்கே ஒளிபரப்பாயிற்று. ஆங்கில நாட்டு விடுதிப் பள்ளியில் மந்திரம் பயிலும் கதையை, 1997ஆம் ஆண்டு முதல் வெளிவந்த ஹாரி பாட்டர் நூல்கள் உலகப் பொதுவாக்கின. இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடத்தில் நிற்பது இத்தொடர் எனலாம்.

கதை எளியது. அக்கோ என்று அழைக்கப்படும் அட்சுகோ ககாரி, மந்திர மரபு ஏதுமில்லாத சாதாரணக் குடும்பத்துச் சிறுமி. இளமையில் 'ஷைனி சாரியட்' என்ற மந்திரக்காரியின் மேடைக் காட்சியைக் கண்டு மனம் பறிகொடுத்தவள். தானும் அவ்வாறே ஆகவேண்டும் என்ற ஆசையால் 'லூனா நோவா' என்னும் பழம்பெரும் பள்ளியில் வந்து சேர்கிறாள். சேர்ந்த நாள்தொட்டு அவளுக்கு எதுவுமே வருவதில்லை. பிறர் துடைப்பத்தின்மீது ஏறி வானில் மிதக்க, இவள் தரையில் துள்ளிக் குதித்துக்கொண்டு நிற்கிறாள். தொடரின் நகைச்சுவைக்கு ஊற்று இந்த ஒரு காட்சியே. பகுதிக்குப் பகுதி அவள் விழுகிறாள், நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சிரிப்பில் இகழ்ச்சி இல்லை. கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடப் போகும் தாயின் முகத்தில் தோன்றுகிறதே ஒரு சிரிப்பு, அதற்கு உறவானது அது.

நகைச்சுவை வேறு பல துறைகளிலும் ஓடுகிறது. ஒரு பகுதியில் பள்ளியின் பழைய கடனுக்காக ஒரு பறவைநாகம் வந்து மிரட்டுகிறது. நெருப்பு உமிழும் பழங்கதை நாகம் அன்று அது. கணினித் திரைகளுக்கு முன் அமர்ந்து பங்குச் சந்தையில் பணம் பெருக்கும் நாகம்! நாகமொழியில் எழுதப்பட்ட பழம் பத்திரத்தை டயானா என்ற மாணவி படித்து, அதிலுள்ள புரட்டை வெளிப்படுத்துகிறாள். மந்திரத்தால் தீராதது வாசிப்பால் தீர்கிறது. வட்டியின் கொடுமையைக் குழந்தைகளுக்கு விளக்க நாம் எத்தனையோ சொற்களைச் செலவிடுகிறோம். இந்தக் காட்சி அதனைச் சிரித்துக்கொண்டே செய்துவிடுகிறது.

நம் பிள்ளைகள் நன்கறிந்த டோரேமானுடன் இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் வரும் நோபிதா சோம்பேறி. துன்பம் வந்ததும் பூனை தன் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்துத் தருகிறது. அதனைத் தவறாகப் பயன்படுத்தி அவன் மீண்டும் துன்புறுகிறான். அதிலும் நீதி உண்டு. ஆனால் கருவியை எதிர்பார்த்து நிற்கும் மனமும் அதனுடன் சேர்ந்தே குழந்தைக்குள் நுழைகிறது. அக்கோவிற்கு அத்தகைய பை எதுவும் வாய்க்கவில்லை. அவளுக்கு வாய்த்தவர் அர்சுலா என்ற ஓர் ஆசிரியை மட்டுமே. அவரும் 'இன்னொரு முறை முயன்று பார்' என்பதற்கு மேல் பெரிதாக எதையும் தருவதில்லை.

இங்கே எங்கள் ஊரின் நினைவு எனக்கு வருகிறது. தம்மம்பட்டியின் மரச்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றுப் புகழடைந்தது. பட்டறைகள் உள்ள தெருவில் நடந்து செல்பவர் வாகை மரத்துண்டுகளின் மணத்தையும் உளியின் ஓசையையும் ஒருங்கே உணர்வர். முடிந்த சிற்பத்தைக் கண்டு வியப்பவர் பலர். ஆயின் அதே பட்டறையின் மூலையில் உளி தீட்டிக்கொண்டும், மரத்தைத் தேய்த்துக்கொண்டும் அமர்ந்திருக்கும் பையனைப் பார்ப்பவர் சிலரே. சிற்பத்தைக் கண்டு வந்த வியப்பு அவனைப் பட்டறைக்குள் இழுத்து வந்திருக்கலாம். அங்கே அவனை நிலைநிறுத்துவது அந்த வியப்பு அன்று, நாள்தோறும் செய்யும் சிறு வேலையே.

இத்தொடர் பிறந்த வரலாறும் ஒரு பட்டறையின் வரலாறே என்பது குறிப்பிடத்தக்கது. இளம் சித்திரக் கலைஞர்களுக்கு வேலையின் வாயிலாகவே பயிற்சி அளிக்க ஜப்பானிய அரசின் பண்பாட்டு முகமை ஆதரித்த 'அனிமே மிராய்' திட்டத்தில், 2013ஆம் ஆண்டு ஒரு குறும்படமாகவே இக்கதை முதலில் உருவாயிற்று. அதன் தொடர்ச்சிக்காக அதே ஆண்டில் பொதுமக்களிடம் 1,50,000 டாலர் நிதி கேட்டபோது, 6,25,000 டாலருக்கும் மேல் குவிந்தது. கற்றுக்கொண்டிருந்தவர்கள் கைபட்டு உருவான கதையாதலால்தான், கற்றுக்கொள்ளும் ஒருத்தியின் தவிப்பு அதில் இத்துணை உண்மையாக இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

இனி, இத்தொடரின் உயிர்நிலைக்கு வருவோம். அக்கோவிற்கு ஏன் பறக்க வரவில்லை? தொடர் நெடுகிலும் நாம் சிரித்த அந்த இயலாமைக்கு இறுதிப் பகுதிகளில் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. சாரியட்டின் மேடைக் காட்சி அத்துணை ஒளி வீசியதற்கு அடிப்படை, எதிரே அமர்ந்து கண்ட குழந்தைகளிடமிருந்து உறிஞ்சப்பட்ட ஆற்றல். தொடக்கத்தில் அவள் அதனை அறியாள். அறிந்தபின் மேடையை விட்டு விலகி, பெயரையும் தோற்றத்தையும் மறைத்துக்கொண்டு ஆசிரியையாக வாழ்கிறாள். அக்கோவின் அன்பிற்குரிய அர்சுலாதான் அந்தச் சாரியட். தன்னை ஈர்த்த ஒளியே தன் ஆற்றலைப் பறித்தது என்று அறியும் சிறுமியின் அழுகையைப் பார்த்தபோது, என் அருகில் இருந்த பேத்தி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இதனை எழுதியவர்கள் தம் தொழிலைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள் என்பது என் துணிபு. திரையில் ஒளியைக் காட்டிக் குழந்தையை வாய் பிளக்க வைப்பது எளிது. அந்த ஒளி குழந்தைக்கு எதையேனும் கொடுக்கிறதா, அதனிடமிருந்து எடுத்துக்கொள்கிறதா என்ற கேள்வியை ஒரு சித்திரத் தொடரே தன்னை நோக்கிக் கேட்டுக்கொள்வது அரிது. மணிக்கணக்கில் அசையாமல் திரையை நோக்கும் பிள்ளையைக் கண்டு நாம் அடையும் அச்சத்திற்கு இதைவிடப் பொருத்தமான உருவகம் கிடைப்பது கடினம். குரோவா என்ற மற்றோர் ஆசிரியை மக்களின் சினத்தைக் கருவிகளால் திரட்டி ஆற்றலாக்க முனைவதும், ஒரு கால்பந்தாட்டத்தில் மூண்ட சச்சரவு இரு நாடுகளின் பகையாக வளர்வதும் இதே கேள்வியின் நீட்சிகளே. சினத்தை வளர்த்து ஆதாயம் தேடும் கருவிகள் கதையில் மட்டும்தானா உள்ளன?

குறைகளையும் சொல்லவேண்டும். முயற்சியே பெரிது என்று இருபது பகுதிகளுக்கு மேல் பேசிய கதை, இறுதியில் ஏழு மந்திரச் சொற்களையும் ஒரு மாயக்கோலையும் நம்பி, ஏவுகணையைத் தடுக்கும் வீரக்கதையாக மாறிவிடுகிறது. ஒரு சிறுமி தரையிலிருந்து ஒரு முழம் எழும்புவதே போதிய அதிசயமாக இருந்திருக்கும். ஆசிரியர்களிற் பலரைக் கேலிப் பொருளாக மட்டுமே காட்டியிருப்பதும் வருந்தத்தக்கது.

மார்க்க நோக்கில் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. சூனியம் நமக்கு விளையாட்டுப் பொருளன்று. கதையில் ஆற்றல் ஒரு கல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் பிறப்பதாக வருகிறது. ஆற்றல் அனைத்தும் ஒருவனுக்கே உரியது என்பதை அவ்விடத்தில் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுதல் நம் கடமை. பிர்அவ்னின் அவையில் கயிறுகளையும் தடிகளையும் ஊர்வன போலத் தோன்றச் செய்த சூனியக்காரர்கள், மூஸா நபி அவர்கள் வழியாக வெளிப்பட்ட உண்மையைக் கண்டதும் சிரம் பணிந்த வரலாற்றை நான் பேத்திக்குச் சொன்னது இத்தொடரை முன்வைத்தே. தனியே பார்க்க விட்டிருந்தால் அந்தப் பேச்சிற்கு இடமேது?

மேலும், அதிசயம் நம் இலக்கியத்திற்கு அயலானதன்று. நமக்குக் கிடைத்துள்ள பழைய முழுநூலாக எண்ணப்படும், 1572ஆம் ஆண்டில் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய 'ஆயிரம் மசலா'வுக்கு 'அதிசய புராணம்' என்றே ஒரு பெயர் உண்டு. வினாவும் விடையுமாக அமைந்த நூல் அது. அதிசயத்தையும் வினாவையும் நம் முன்னோர் ஒரே ஏட்டில் வைத்தனர். கேள்வி கேட்க வைக்காத வியப்பு மயக்கமாகவே முடியும்.

என் பேத்திக்குக் கணக்கு வராது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். அவளும் அதனை நம்பிவிட்டாள். விடுமுறைக்குக் கொண்டுவந்த கணக்குப் புத்தகம் பையிலேயே கிடந்தது. தொடரின் இருபத்து மூன்றாம் பகுதியில், பிறவித் திறமைசாலி என்று எல்லாரும் நம்பிய டயானா ஓர் உண்மையைச் சொல்கிறாள். அவளும் சிறுவயதில் அதே மேடைக் காட்சியைக் கண்டவள். தன் ஆற்றலை இழந்தவள். நெடுநாள் பயின்றே அதனை மீட்டவள். அதைப் படித்துச் சொன்ன பேத்தி சற்றே நிறுத்தி, "அப்படின்னா டயானாவுக்கும் முதல்ல வரலையா, நன்னா?" என்று கேட்டாள்.

"வரலைம்மா" என்றேன்.

அன்று மாலை, பட்டறைத் தெருவில் உளியோசை அடங்கி மஃரிபுக்கு நான் புறப்பட்ட வேளையில், அவள் பையைத் திறந்து புத்தகத்தை வெளியே எடுத்து வைத்திருந்தாள். கணக்கு வந்ததா என்று நான் கேட்கவில்லை. நல்ல கதை ஒன்றிடம் அவ்வளவுதான் கேட்கலாம். மீதியை நாம்தான் அருகில் இருந்து செய்யவேண்டும்.