வெள்ளை மாளிகையில் அலர்

அகப்பாடலில் காதலர்க்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று உறவுதான் உண்டு. ஒருவர் பெயரைச் சுட்டிவிட்டால் அது அகம் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. நெடுநல்வாடையில் யார் பெயரும் வரவில்லை. ஆனாலும் வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்தது என்று ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளம். அந்த ஒரு பூவை வைத்தே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறப்பாட்டு என்று கொண்டார். அடையாளப் பூவே காதலைப் புறமாக்கிவிடும் என்றால், நாடே அறிந்த முகமும் பெயரும் கொண்ட ஒருவர் காதலித்தால் என்ன ஆகும்? அரசியல் உலகில் நிகழும் காதல் நகைச்சுவைப் படங்களை ஹாலிவுட் ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடுத்துவந்திருக்கிறது. அதிகாரத்தின் பகட்டைக் காதலில் தோய்த்துத் தரும் பண்டம் என்று இவற்றைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. பகட்டு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கோடீஸ்வரர் படங்களிலும் இளவரசர் படங்களிலும் கிடைக்காத ஒன்று இவற்றில் கிடைக்கிறது: எல்லாரிடமும் பேசியே பழகிய ஒருவர், ஒரே ஒருவரிடம் மெய்யாகப் பேசக் கற்றுக்கொள்கிறார். அப்படிக் கற்ற பேச்சை மீண்டும் ஊரறியச் சொல்லும் துணிவு அவருக்கு வருமா என்பதுதான் நம்மை இருக்கையில் பிடித்துவைக்கிறது.

காதல் நகைச்சுவைக்குத் தடை வேண்டும்; தடை இல்லையென்றால் அரைமணி நேரத்தில் கதை தீர்ந்துவிடும். 1930-களின் அமெரிக்கப் படங்களுக்குத் தடை கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஃபிராங்க் காப்ராவின் 1934 படமான 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்'டில் அவள் பெருஞ்செல்வர் மகள், அவன் வேலையிழந்த நிருபர், அதுவே போதும். பிற்பாடு பெற்றோர் சம்மதம் தேவைப்படாத, மணமுறிவு இழுக்காகக் கருதப்படாத சமூகம் வந்தபிறகு, வளர்ந்த இருவர் சேர்வதை யார் தடுப்பது? கதாசிரியர்கள் ஆள்மாறாட்டத்தையும் தவறாகக் காதில் விழுந்த உரையாடலையும் நம்பவேண்டியதாயிற்று. அரசியல் களம் இந்தப் பஞ்சத்தைத் தீர்த்துவைத்தது. அங்கே ஊர் இன்னும் கலையவில்லை. அம்பல் என்றும் அலர் என்றும் நம் மரபு சொன்ன ஊர்ப்பேச்சு, அங்கே நாளிதழாக, கருத்துக் கணிப்பாக, எதிரணி மேடையாக உயிரோடிருக்கிறது. அலரை வெறும் பகையாக நம் கவிகள் பார்க்கவில்லை. 'அலரறிவுறுத்தல்' அதிகாரத்தில் வள்ளுவர் அதைக் காதல் பயிருக்கு எருவாகவே காண்கிறார். ஒளித்து வைத்திருந்ததைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும்படி அலர்தான் நெருக்குகிறது. நல்ல அரசியல் காதல் படம் ஒவ்வொன்றிலும் பத்திரிகையாளர் கூட்டம் செய்யும் வேலை இதுவே.

இதை அருகில் வைத்துப் பார்க்க, ராப் ரைனர் இயக்கி ஆரன் சோர்கின் எழுதிய 'தி அமெரிக்கன் பிரசிடென்ட்' (1995) ஏற்ற படம். மைக்கேல் டக்ளஸ் மனைவியை இழந்த ஜனாதிபதி. அனெட் பெனிங் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றுக்காகக் காங்கிரஸ் உறுப்பினர்களிடம் ஆதரவு திரட்டும் சிட்னி. ஜனாதிபதி அவளைத் தொலைபேசியில் அழைக்கிறார்; யாரோ நண்பர் குரலை மாற்றிக் கேலிசெய்வதாக அவள் நினைத்துக்கொள்கிறாள். உலகிலேயே பெரிய பதவியில் இருப்பவர், தான் தான்தான் என்று ஒரு பெண்ணை நம்பவைக்க முடியாமல் நிற்கிறார். அடுத்து அவளுக்குப் பூ அனுப்ப நினைக்கிறார். உதவியாளர்களிடம் சொன்னால் நொடியில் முடியும். ஆனால் காதலுக்கான பூவை ஆணையிட்டு வாங்கக் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம். கடைக்குத் தானே போன் செய்கிறார். கையில் கடன் அட்டை இல்லை, விஸ்கான்சினில் எங்கோ பெட்டிக்குள் கிடக்கிறது. படம் முழுக்க அந்தப் பூ அவள் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. கடைசியில் அவர் பூவோடு வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது, ஜனாதிபதி மாளிகைத் தோட்டத்திலேயே ரோஜா இருந்திருக்கிறது. ஒரு படைக்கே உத்தரவிடக்கூடிய கையால் ஒரு கொத்துப் பூ வாங்க முடியவில்லை என்ற இந்தச் சின்னத் தொடர், பதவி ஒரு மனிதனிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதைப் பக்கம் பக்கமான வசனத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

அடுத்த சான்று இப்படங்களின் உச்சக்காட்சிகள். சாதாரணக் காதல் நகைச்சுவை விமான நிலையத்திலோ மழையிலோ முடியும். இவை மேடையில் முடிகின்றன. காப்ராவின் 'மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்' (1939) படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் செனட்டில் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க உட்காராமல் பேசுகிறார்; மேல்மாடத்திலிருந்து அவையின் விதிகளைச் சைகையால் எடுத்துக்கொடுப்பவர் ஜீன் ஆர்தர் நடித்த செயலாளர் சாண்டர்ஸ். அரசியலில் நம்பிக்கை அற்றுப்போன அந்தப் பெண்ணுக்கு அவன்மேல் வரும் காதலும், அவையின்மேல் திரும்ப வரும் நம்பிக்கையும் ஒரே சைகையில் வெளிப்படுகின்றன. காப்ராவே 1948-ல் எடுத்த 'ஸ்டேட் ஆஃப் தி யூனியன்' படத்தில், ஜனாதிபதி வேட்பாளராக வளர்க்கப்படும் ஸ்பென்சர் டிரேசி, நேரடி ஒலிபரப்பின் நடுவில் தான் விலைபோனதை ஒப்புக்கொண்டு போட்டியிலிருந்து விலகுகிறார். அவர் மன்னிப்புக் கேட்பது நாட்டிடமா, பக்கத்தில் நிற்கும் மனைவி கேதரின் ஹெப்பர்னிடமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இவ்வகைப் படங்களில் உரை எழுதுபவர்கள் அடிக்கடி வருவதும் இதனால்தான். 'ஸ்பீச்லெஸ்' (1994) படத்தில் மைக்கேல் கீட்டனும் ஜீனா டேவிஸும் நியூ மெக்சிகோ செனட் தேர்தலில் எதிரெதிர் வேட்பாளர்களுக்கு உரை எழுதுபவர்கள். தூக்கம் வராத ஓர் இரவில், கடையில் மிஞ்சியிருந்த கடைசித் தூக்கமாத்திரைப் பெட்டிக்காக மல்லுக்கு நின்றுதான் அறிமுகமாகிறார்கள். பிறர் வாய்க்குச் சொல் தருவதே தொழிலாகக் கொண்ட இருவருக்குத் தங்களுக்கென்று ஒரு சொல் அகப்படவில்லை. படம் பாதியில் தொய்கிறது, ஆனாலும் இந்த அடிப்படைக் கற்பனை அருமையானது. வாழ்க்கையே அதற்குச் சான்று தந்தது: 1992 தேர்தலில் கிளின்டனுக்காக உழைத்த ஜேம்ஸ் கார்வில்லும், புஷ்ஷுக்காக உழைத்த மேரி மாட்டலினும் மறு ஆண்டே மணந்துகொண்டார்கள்.

ஐவன் ரைட்மனின் 'டேவ்' (1993) இதே எண்ணத்தை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. ஜனாதிபதி பக்கவாதத்தில் விழ, அவர் சாயலில் இருக்கும் டேவ் என்ற எளியவரை அவர் இடத்தில் உட்காரவைக்கிறார்கள். கெவின் கிளைன்தான் இரு வேடத்திலும். அமைச்சர்கள் ஏமாறுகிறார்கள், காங்கிரஸ் ஏமாறுகிறது, தொலைக்காட்சி பார்க்கும் கோடிக்கணக்கான மக்களும் ஏமாறுகிறார்கள். கணவனோடு பேச்சை விட்டுப் பலநாள் ஆன மனைவி சிகோர்னி வீவர் கண்டுபிடித்துவிடுகிறார். நாட்டுக்குத் தெரியாத பொய் வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் டேவ் நல்லவர் என்பதை அவருக்கு எது காட்டுகிறது? டேவ் தன் கணக்காளர் நண்பரை வரவழைத்து, வீடற்றோர் காப்பகத்துக்கு நிதி தேடி அரசின் வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாக வெட்டிச் சேர்க்கிறாரே, அந்த வேலைதான். ஒரு மனிதனின் பொதுச்செயலைப் பார்த்து அவன்மேல் அந்தரங்க அன்பு பிறப்பதை இவ்வளவு இயல்பாகக் காட்டிய படம் அதிகமில்லை.

இவையெல்லாம் தேவதைக் கதைகள், நிஜ அரசியலின் கட்சி, பணம், நிறவெறி, வர்க்க நலன் எதையும் தொடாமல் ஒரு நல்ல மனிதர் வந்தால் போதும் என்று தாலாட்டுகின்றன என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. ஸ்மித் எந்தக் கட்சி, எந்த மாநிலம் என்று காப்ரா கடைசிவரை சொல்லவே இல்லை. ஆனால் மறுப்பு எல்லாப் படங்களுக்கும் பொருந்தாது. 'தி அமெரிக்கன் பிரசிடென்ட்' படத்தில் காதலர் பிரிவது எதனால்? எண்ணெய், நிலக்கரிப் புகையை 20 விழுக்காடு குறைக்கும் மசோதாவுக்கு ஆதரவு தருவதாக அவளுக்கு அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். தன் குற்றத்தடுப்பு மசோதாவுக்குச் சில வாக்குகள் குறையும்போது, மிச்சிகன் உறுப்பினர்களின் ஆதரவைப் பெற அவளுடைய மசோதாவைக் கைவிடுகிறார். அவள் அவரைவிட்டுப் போகிறாள். வேறொரு பெண்ணோ தவறாகப் புரிந்துகொண்ட கடிதமோ காரணமில்லை. துரோகமே சட்டமன்றக் கணக்கில்தான் நடக்கிறது. சமாதானமும் அப்படியே வருகிறது: பத்திரிகையாளர் முன் நின்று அவள் மசோதாவை அனுப்பப்போவதாகவும், நீர்த்துப்போன தன் மசோதாவைத் திரும்பப் பெறுவதாகவும் அவர் அறிவிக்கிறார். வாக்கு எண்ணிக்கையை அறியாத பார்வையாளருக்கு இந்தக் காதல் கதையே புரியாது. சோர்கின் அந்தப் படத்துக்காக எழுதி மிஞ்சிய பொருளிலிருந்துதான் 1999-ல் 'தி வெஸ்ட் விங்' தொலைக்காட்சித் தொடர் முளைத்தது என்பதையும் இங்கே நினைக்கவேண்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்: அரசியலில் இருக்கும் பெண்ணை அடக்கி வீட்டுக்கு அனுப்பவே இக்காதல் பலகாலம் பயன்பட்டது. லூபிட்ஷின் 'நினோட்ச்கா' (1939) சோவியத் அதிகாரியான கிரேட்டா கார்போவைப் பாரிஸ் தொப்பியாலும் சிரிப்பாலும் கனியவைக்கிறது. பில்லி வைல்டரின் 'எ ஃபாரின் அஃபேர்' (1948) அயோவாவின் காங்கிரஸ் உறுப்பினரைப் போரில் இடிந்த பெர்லினில் தலைமுடி தளரவைக்கிறது. 1964-ல் வந்த 'கிஸ்ஸஸ் ஃபார் மை பிரசிடென்ட்' எல்லாவற்றையும்விட வெளிப்படை: நாட்டின் முதல் பெண் ஜனாதிபதி கருவுற்றதும் பதவியைத் துறக்கிறாள், அதை நாம் மகிழ்ச்சியான முடிவாகக் கொள்ளவேண்டுமாம். ஆனால் அதற்குப் பதினேழு ஆண்டு முன்பே 'தி ஃபார்மர்ஸ் டாட்டர்' (1947) வேறு வழி காட்டியிருந்தது. அதில் ஸ்வீடிஷ் வம்சாவளிப் பணிப்பெண் லொரெட்டா யங், தான் வேலைபார்க்கும் வீட்டார் ஆதரிக்கும் வேட்பாளரை எதிர்த்தே நின்று வெல்கிறாள். கடைசியில் கணவன் அவளைத் தூக்கிக்கொண்டு வாசல்படி தாண்டுகிறான்; அது வீட்டு வாசல்படி இல்லை, மக்கள் பிரதிநிதிகள் சபையின் வாசல்படி. 2019-ன் 'லாங் ஷாட்' அந்தப் பாதையை நீட்டியது. அதில் சார்லீஸ் தெரோன் வெளியுறவு அமைச்சர், சேத் ரோகன் அவருக்கு உரை எழுதும் நிருபர். அமைச்சர் கையசைக்கும் விதத்தைக்கூட ஆலோசகர்கள் மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறார்கள். எதிரிகள் காதலனின் அந்தரங்கக் காணொளியை வைத்து மிரட்டுகிறார்கள். மிரட்டலை அமைச்சர் தானே ஊரறியப் போட்டு உடைத்துவிட்டுத் தன் சுற்றுச்சூழல் திட்டத்தை மீட்டெடுக்கிறார், பிறகு ஜனாதிபதியும் ஆகிறார். அலரை எதிர்கொள்ளும் துணிவு இம்முறை பெண்ணின் கையில் இருக்கிறது. படத்தின் கொச்சையான வசனங்கள் எனக்கு உவப்பில்லை. ஆனால் இந்த மாற்றம் பெரிது.

மூன்றாவது மறுப்பை வரலாறே எழுப்பியது. 'தி அமெரிக்கன் பிரசிடென்ட்' 1995 நவம்பர் 17-ல், அரசு அலுவலகங்கள் நிதியின்றி மூடிக்கிடந்த வாரத்தில் திரைக்கு வந்தது. பில் கிளின்டனுக்கும் வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லூயின்ஸ்கிக்கும் உறவு தொடங்கியது அதே நவம்பர் 15-ல் என்று 1998-ல் வெளியான விசாரணை அறிக்கை பதிவுசெய்தது. அப்போது லூயின்ஸ்கிக்கு வயது 22. அலரின் முழுச்சுமையும் அந்த இளம்பெண் தலையில்தான் இறங்கியது. அதிகாரத்தில் இருப்பவரின் காதலைப் பார்த்து நாம் நெகிழும்போது, எதிரே இருப்பவருக்கு மறுக்கும் சுதந்திரம் இருக்கிறதா என்று கேட்கத்தான் வேண்டும். சிட்னிக்குச் சொந்தத் தொழில் இருக்கிறது, விட்டுப்போகிறாள். அதனால் அந்தப் படம் தப்பிக்கிறது. ரிச்சர்ட் கர்டிஸின் 'லவ் ஆக்சுவலி' (2003) தப்பிக்கவில்லை. பிரிட்டிஷ் பிரதமர் ஹியூ கிராண்ட் தன் இல்லப் பணியாளரை விரும்புகிறார். அமெரிக்க ஜனாதிபதி அவளிடம் அத்துமீறுவதைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையாளர் முன் அமெரிக்காவைச் சாடுகிறார். பிறகு அவளையே வேறு வேலைக்கு மாற்றிவிடுகிறார். இராக் போர் தொடங்கிய ஆண்டில் வந்த அந்தச் சாடலுக்கு மக்கள் கைதட்டினார்கள். 2005 தொழிற்கட்சி மாநாட்டில் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரே அக்காட்சியைக் குறிப்பிட்டு, நிஜ வாழ்க்கையில் எளிய கைதட்டலுக்கு மறுநாளும் அடுத்த ஆண்டும் விலைகொடுக்க நேரும் என்று பேசினார். போரை நடத்தியவர் வாயிலிருந்து வந்தது என்பதால் அதில் தன்னலம் உண்டு. ஆயினும் படத்தின் குறையை அவர் சரியாகவே தொட்டார். அந்தப் பிரதமர் தன் பேச்சுக்காக எதையும் இழக்கவில்லை. ஸ்பென்சர் டிரேசி வேட்புரிமையை இழந்தார். டேவ் வெள்ளை மாளிகையை விட்டிறங்கி நகரமன்றத் தேர்தலில் நிற்கப்போனார். மைக்கேல் டக்ளஸ் தன் மசோதாவை இழந்தார். காதலுக்காக அரசியலில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டாலே இவ்வகைப் படங்களில் தரமானது எது, தரமற்றது எது என்று பிரித்துவிடலாம்.

அந்த உரைகல்லில் முதலில் நிற்பது ஜார்ஜ் குக்கரின் 'பார்ன் யெஸ்டர்டே' (1950). காங்கிரஸ் உறுப்பினரை விலைக்கு வாங்கி வாஷிங்டனில் காரியம் சாதிக்க வருகிறான் பழைய இரும்பு வியாபாரி ஒருவன். நாகரிகமான இடங்களில் தன் காதலி பில்லி மானத்தை வாங்கிவிடுவாளோ என்று பயந்து, அவளுக்குப் பாடம் சொல்ல ஒரு பத்திரிகையாளரை நியமிக்கிறான். பில்லி அகராதியோடு நாளிதழ் படிக்கத் தொடங்குகிறாள், ஜெஃபர்சன் நினைவகத்தைப் பார்க்கிறாள், கண்ணாடி மாட்டிக்கொள்கிறாள். இத்தனை காலம் படித்துப் பார்க்காமல் தான் கையெழுத்திட்ட தாள்கள் என்னவென்று ஒருநாள் புரிகிறது: அவன் கம்பெனிகளில் பெரும்பகுதி அவள் பெயரில்தான் இருக்கிறது. பெயரே அதிகாரம் ஆகும் அந்த இடத்தில் காதலும் குடியுரிமையும் ஒருசேர விழிக்கின்றன. பில்லியாக நடித்த ஜூடி ஹாலிடே அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைப் பெற்றார். போட்டியில் இருந்தவர்களில் பெட்டி டேவிஸும் குளோரியா ஸ்வான்சனும் உண்டு. இத்தனை படங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் உள்ளவர் இதைப் பார்க்கவேண்டும். அதிலும் அவள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சீட்டைத் தட்டி அடுக்கி, அதிகம் பேசாமல் அந்த வியாபாரியைத் திரும்பத் திரும்பத் தோற்கடிக்கும் ரம்மி ஆட்டக் காட்சியைக் கண்ணெடுக்காமல் பாருங்கள்.