ஓரியின் அம்பும் கார்பெட்டின் முட்டைகளும்

வேட்டை என்று பேச்சு வந்தால் போதும், நம் மேடைகளில் வல்வில் ஓரி வந்துவிடுவான். புறநானூறு 152ஆம் பாட்டில் அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. கைதட்டலுக்குக் கேட்கணுமா! ஆனால் யானையை ஓரி எப்படி நெருங்கினான், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று வன்பரணர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவர் பாட வந்தது, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமல் பாணர் கூட்டத்துக்கு இறைச்சி சமைத்துக் கொடுத்தவனை. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் புறநானூற்றைக் கேட்பதே இந்த மேடைகளில்தான். அவர்களிடம் அம்பை மட்டும் காட்டி, கொடையை விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

வேட்டைத் திறன்தான் வேண்டுமென்றால் ஜிம் கார்பெட் இருக்கிறார். 1944ல் வந்த அவர் புத்தகத்தை தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று தமிழில் தந்திருக்கிறார். டில்லியிலிருந்து நைனிடால் போகிறவர்கள் வழியில் காலாடுங்கியில் அவர் வீட்டையும் பார்த்திருப்பீர்கள். பக்கம் பக்கமாக மனுஷர் நடக்கிறார், நிற்கிறார், காது கொடுக்கிறார். கடமான் எங்கே கத்துகிறது, குரங்கு எதைப் பார்த்து மிரள்கிறது, தடம் எத்தனை நேரத்துக்கு முந்தியது? எல்லாம் முடிந்து துப்பாக்கி வெடிப்பது ஒரு வரி.

தவறிய குண்டையும் அவர் மறைப்பதில்லை. 1907ல் சம்பாவத்தில், 298 பேர் மலையிலிருந்து சத்தமிட்டு விரட்டிய புலி திரும்பி ஓடுகிறது. அவர் முதல் குண்டு வீண். அடுத்த இரண்டும் பட்டன. இருந்ததே மூன்று! தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கி இருபதடியில் வாயைக் குறிவைத்தால், காலில் படுகிறது. எந்தப் பரணியிலும் இப்படி ஒரு வீரனைப் பார்க்க முடியாது.

1930 ஏப்ரல் 11, சௌகர். இடக்கையில் ஒரு பறவையின் இரண்டு முட்டைகள். பாறையைத் தாண்டித் திரும்பினால் எட்டடியில் புலி, பாயத் தயாராக. வலக்கையால் மட்டும் துப்பாக்கியை, நகர்வது தெரியாத மெதுவில், சுற்றிக் கொண்டுவந்து சுடுகிறார். பிழைத்ததற்கு அவர் சொல்லும் காரணங்கள் மூன்று: கையிலிருந்த முட்டைகள், எடை குறைந்த துப்பாக்கி, அது ஆட்கொல்லியாக இருந்தது. அதிர்ஷ்டம் என்று சிலர் இதைத் தள்ளிவிடுவார்கள். நான் ஒப்பமாட்டேன். முட்டை உடையாமல் கையை அசைக்காமலிருந்ததுதான் அவர் கற்ற வித்தை.

அப்புறம் அந்த முட்டைகளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தார்.