கலம்பகம்: சொற்பொருளும் சொற்பிறப்பும்

முன்னுரை

சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றான கலம்பகத்தின் பெயர்க்காரணமாக, ‘கலம் என்பது 12; பகம் என்பது அதன் பாதியாகிய 6; இரண்டும் சேர 18 உறுப்புகளைக் குறிக்கும்’ என்னும் விளக்கம் பாடநூல்களில் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. இவ்விளக்கம் மறுஆய்வுக்குரியது.

எண்வழி விளக்கம்

ஒரு கலம் 12 மரக்கால் கொண்டது என்பதே இவ்விளக்கத்தின் அடிப்படை. ஆயின் முகத்தலளவைப் பெயர் ஒன்று இலக்கிய உறுப்புகளை எண்ணுதற்கு ஏன் வந்தது என்பதற்கு இதில் விடையில்லை. ‘பகு’ என்னும் வேரும் பிரித்தலைக் குறிக்குமேயன்றிச் சரிபாதியை மட்டும் குறிப்பதன்று.

மாலைவழிச் சான்று

தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் ‘கலம்பகம்’ என்னும் சொல்லைப் பூமாலையைச் சார்த்தி ஆள்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் பல பூக்கள் செறிந்த படலைக் கண்ணிக்கு நச்சினார்க்கினியரும் கலம்பகமாகிய மாலை என்றே பொருள் உரைக்கிறார். மாலைக்கு 18 என்னும் எண் பொருந்தாது. ‘பலவும் விரவியது’ என்னும் பொருளே பொருந்தும். அம்மானை, ஊசல், குறம், மறம், களி, சித்து முதலிய உறுப்புகளும் அகம், புறம் ஆகிய இருவகைப் பொருள்களும் வெவ்வேறு பாவினங்களும் விரவிவரும் நூலுக்கு இப்பெயர் மாலையிலிருந்து வந்ததாகக் கொள்வது இயல்பானது.

வேர் பற்றிய இரு கருத்துகள்

‘கலப்பு + அகம்’ என்பது ஒரு கருத்து. பொருளளவில் இது தடையற்றது. ஆயின் புணர்ச்சியில் ‘கலப்பகம்’ என்றே வரவேண்டும். வல்லொற்று மெல்லொற்றாதலை ‘மெலித்தல்’ என அமைப்பதும் போதாது; அது செய்யுள் விகாரம், வழக்குப் பெயருக்கு விதியாகாது. கூட்டத்தைக் குறிக்கும் வடசொல்லான ‘கதம்பகம்’ என்பதன் திரிபு என்பது மற்றொரு கருத்து. ‘கதம்ப’ என்னும் சொல் பிராகிருதத்தில் ‘கலம்ப’ எனவும் வழங்குவதால், தகரம் லகரமாதலுக்கு இவ்வழியில் சான்றுண்டு. ஒலிமாற்றத்தை நோக்க இரண்டாம் கருத்து வலிமையுடையது. எனினும் ‘கல’ என்னும் தமிழ் வேரின் பொருளொப்புமை அச்சொல் தமிழில் நிலைபெறத் துணைசெய்திருத்தல் கூடும்.

முடிவுரை

எண்வழி விளக்கம் பாட்டியல் நூல்களின் உறுப்பிலக்கணத்தைப் பெயருக்குள் பின்னோக்கி ஏற்றிக் காண்பதாகும். இதனை ஏற்றால் நந்திக்கலம்பகம் போன்ற முற்பட்ட நூல்களைப் 18 உறுப்புகளின் நிறைவு, குறைவு கொண்டு அளக்கும் பிழை நேரும். கலவை என்பதே இவ்வகையின் அடிப்படை. உறுப்பெண் பின்னர் அமைந்த வரையறை. கலம்பகத் திறனாய்வு உறுப்புகளை எண்ணுவதைவிட அவை கலக்கும் முறையை ஆராய்வதே தக்கது.