கம்பவாதமும் பழைய சமையலும்

அம்மம்மா காலத்துச் சமையலுக்கு மீண்டால் பாக்கின்சன் எனப்படும் கம்பவாதம் அணுகாது என்று சஞ்சிகைகளிலும் சபைகளிலும் அண்மைக்காலமாகப் பிரசாரம் நடந்துவருகின்றது. குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் மீன்குழம்பும் நல்லெண்ணெயும் நரம்புக்குக் கவசமாம். இதில் உண்மையின் அம்சம் இல்லாமலில்லை. அமெரிக்கத் தாதியர் முதலானோரை 16 ஆண்டுகள் அவதானித்து 2007இல் வெளியான ஆய்வு, பழமும் மரக்கறியும் பருப்பும் மீனும் மிகுதியாக உண்டோரிடம் இந்நோய் குறைவு என்று காட்டிற்று. மலச்சிக்கல் போன்ற குறிகள் நடுக்கத்துக்குப் பல்லாண்டு முந்தியே தோன்றுவதால், நோயே உணவுப் பழக்கத்தை மாற்றியிருக்கலாம் என்ற ஐயம் எஞ்சுகிறது, அதுவும் நிற்க.

என் ஆட்சேபம் நெடுநாளையது. உணவைப் புகழ்வோர், அது விளைந்த மண்ணையும் அதற்கு இறைத்த நீரையும் பற்றி வாய் திறப்பதில்லை. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் செம்பாட்டு நிலத்தில் மருந்தடிப்பும் பெருகிற்று. சாரத்தை மடித்துக்கட்டி, வெறுங்காலோடு, முகத்துக்கு ஒரு துணியுமின்றி, தோளில் மருந்துத் தாங்கியைச் சுமந்து பாத்தி பாத்தியாக அடித்த கமக்காரர், வேலை முடிந்ததும் அதனைக் கிணற்றடியிலேயே கழுவினார். வற்றாத நதியொன்றும் இல்லாத இக்குடாநாட்டில், சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கும் அந்த நீரே நிலத்தடியில் சேர்ந்து குடிநீராகவும் வருகின்றது.

இத்தகைய விஷம் உணவின் வழியே மூளை வரை செல்லக்கூடும் என்பதற்கு ஹவாய்த் தீவு சாட்சி. அங்கு பால் மிகுதியாகக் குடித்தவர்களுள் புகைபிடியாதோரின் மூளையில், இந்நோய் அழிக்கும் கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள் குறைந்திருந்தன என 2016இல் அறியப்பட்டது. அன்னாசித் தோட்டத்தில் தெளித்த ஹெப்டகுளோர் என்ற பூச்சிகொல்லி, அன்னாசித் தழையைத் தின்ற பசுக்களின் பாலில் ஏறியிருந்தது; மிகுதியாகப் பால் குடித்தோருள் பத்தில் ஒன்பது பேரின் மூளையில் அதன் எச்சம் இருந்தது. அங்கே குற்றவாளி பாலா, தோட்டமா?

களைக்கொல்லியான பரகுவாட்டைக் கையாண்டோரிடம் இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு மிகுதி என்று 2011இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. நஞ்சருந்திச் சாவோரைக் காக்கவே இலங்கை அதனைப் படிப்படியாகத் தடைசெய்தது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அதைத் தெளித்தவர்களின் கை நடுக்கத்தை இந்தச் சமையற் பிரசாரகர்கள் எந்த உணவின் கணக்கில் எழுதுவார்கள்? தோட்டத்தில் உழைத்து முதுமையில் நடுங்குபவரிடம், நீ சரியாக உண்ணவில்லை என்று சொல்லாமற் சொல்வது கொடுமை. அவர் எத்தனை போகம் மருந்தடித்தார், எந்தக் கிணற்றில் நீர் அள்ளினார் என்பதை முதலில் விசாரிக்கட்டும். குரக்கனைப் பற்றிப் பிறகு பேசலாம்.