மிச்சிகன் 2013: ஓட முடியாமல் போன ஒரு கல்லூரிக் கால்பந்து அணி

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் கால்பந்து அணி, ஆன் ஆர்பர் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய தன் சொந்த மைதானத்தில் ஆடும் பழம்பெரும் அணி. 2013ஆம் ஆண்டுப் பருவத்தில் அது 13 ஆட்டங்கள் ஆடியது. 7இல் வென்றது, 6இல் தோற்றது. அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 29-6 என்று தோற்றபோது, அது பந்தைச் சுமந்து ஓடிச் சேர்த்த மொத்தத் தூரம் மைனஸ் 48 கெஜம். நாள் முழுவதும் ஓடி, புறப்பட்ட இடத்திலிருந்து 48 கெஜம் பின்னால் வந்து நின்றது என்று பொருள். அந்த அணியின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஓட்டக் கணக்கு அதுதான். அடுத்த வாரம் நெப்ராஸ்காவிடம் 17-13 என்று தோற்ற ஆட்டத்தில் மைனஸ் 21 கெஜம்.

இவ்வளவு வசதி உள்ள அணி ஏன் ஓட முடியாமல் தவித்தது? ஓடியவர் சரியில்லை, வீரர்களிடம் உரம் இல்லை, ஆட்டத் திட்டம் வகுத்தவர் தவறிவிட்டார் என்று அப்போது மூன்று பதில்கள் சொல்லப்பட்டன. இம்மூன்றையும் ஆராய்ந்து, உண்மைக் காரணம் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே விதைக்கப்பட்டுவிட்டது என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் அடிப்படை

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் உண்டு. அதற்குள் முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒரு கெஜம் என்பது மூன்று அடி.

பந்தை முதலில் பெறுபவர் குவார்ட்டர்பேக். அவர் அதைத் தூர எறியலாம், அல்லது பின்னால் நிற்கும் ஓட்டக்காரரிடம் கொடுக்கலாம். ஓட்டக்காரர் பந்தோடு கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவார். அவருக்கு வழி திறப்பவர்கள் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், இரு ஓரங்களிலும் இரண்டு டாக்கிள்கள். இந்த ஐவரும் பந்தைத் தொட்டு ஓடுவதில்லை. தொலைக்காட்சிக் கேமராவும் இவர்களைப் பின்தொடர்வதில்லை. ஆனால் ஓட்டம் பிறப்பதும் இறப்பதும் இவர்களிடம்தான்.

மைனஸ் 48 என்ற எண்ணைப் படிக்கும் முறை

முதலில் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே எதிரணியினர் அவரைப் பின்னால் வைத்து வீழ்த்தினால் அதற்குச் 'சாக்' என்று பெயர். தொழில்முறை ஆட்டத்தில் அந்த இழப்பு எறிதல் கணக்கில் கழிக்கப்படும். கல்லூரி ஆட்டத்திலோ ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும்.

மிச்சிகன் மாநில அணி அன்று குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னரை ஏழு முறை சாக் செய்தது. ஆகவே அந்த 48இல் பெரும்பகுதி, ஓட முயன்று இழந்த தூரம் அன்று, எறிய முயன்று இழந்த தூரம். எண்ணை மட்டும் பார்த்து ஓட்டக்காரரைத் திட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

ஆனால் இது அணிக்கு ஆறுதல் தரும் செய்தியும் அன்று. இரண்டு தோல்விகளும் ஒன்றையொன்று வளர்த்தன. முதல் வாய்ப்பில் ஓடி ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவதில் இரண்டு கெஜம் பின்னடைவு. மூன்றாவதில் 12 கெஜம் தேவை. இப்போது எறிவதைத் தவிர வழியில்லை என்று எதிரணிக்குத் தெரியும். தயக்கமின்றிக் குவார்ட்டர்பேக் மேல் பாய்வார்கள். ஓட முடியாத அணியால் நிம்மதியாக எறியவும் முடியாது.

ஓடியவர் மேல் பழி

ஓட்டக்காரர் பிட்ஸ்ஜெரால்ட் டூசைன்ட். அக்டோபர் 12 அன்று பென் மாநில அணியிடம் நான்கு கூடுதல் நேரங்களுக்குப் பின் 43-40 என்று தோற்ற ஆட்டத்தில் அவர் 27 முறை ஓடிச் சேர்த்தது 27 கெஜம். ஓட்டத்துக்கு ஒரு கெஜம். இந்தக் கணக்கு கேலிப் பொருளானது.

இதே டூசைன்ட் 2011இல் 187 முறை ஓடி 1,041 கெஜம் சேர்த்தவர். 2013இல் 185 முறை ஓடி 648 கெஜம். ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் ஓடியும் சராசரி ஐந்தரைக்கு மேலிருந்து மூன்றரைக்கு இறங்கிவிட்டது. இடையில் 2012 நவம்பரில் அவருக்குக் கால் முறிந்தது உண்மை. அதன் பாதிப்பு சிறிது இருந்திருக்கலாம். ஆனால் முறிவு ஏதுமின்றிப் புதிதாக வந்த டெரிக் கிரீன் என்ற மாணவரும் அந்தப் பருவத்தில் டூசைன்டை விட நல்ல சராசரி காட்டவில்லை. ஆளை மாற்றியும் விடை மாறாவிட்டால், பிழை ஆளிடம் இல்லை என்றுதானே கொள்ள வேண்டும்?

நல்ல ஓரங்கள், பச்சையான நடு

முன்வரிசையைப் பார்ப்போம். இடது டாக்கிள் டெய்லர் லுவான். 2014இல் டென்னசி டைட்டன்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை நாட்டிலேயே 11ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. வலது டாக்கிள் மைக்கேல் ஸ்கோஃபீல்ட். அவரும் அதே ஆண்டு டென்வர் அணிக்குப் போய், பின்னர் 50ஆவது சூப்பர் பௌலை வென்ற அணியின் வலது டாக்கிளாக ஆடினார். இருவரும் 2009இல் கல்லூரிக்கு வந்து ஐந்தாம் ஆண்டில் இருந்தவர்கள்.

இவ்விருவருக்கும் நடுவில் இருந்த மூன்று இடங்களில்தான் சிக்கல். அங்கே நின்றவர்களில் பலர் முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள். கிரஹாம் கிளாஸ்கோ, விளையாட்டு உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்தவர். பருவத் தொடக்கத்தில் இடது கார்டாக ஆடிய அவரை அக்டோபரில் சென்டராக மாற்றினார்கள். அவர் விட்ட இடத்துக்கு ஒருவர், சில வாரங்களில் அவருக்குப் பதில் முதலாண்டு மாணவர் ஒருவர், வலப்பக்கமும் இன்னொரு மாற்றம் என்று நடுப்பகுதி நிலைகொள்ளவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிளாஸ்கோவையே 2016இல் டெட்ராய்ட் அணி மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. ஆக, வரலாற்றிலேயே மோசமாக ஓடிய முன்வரிசையில் பிற்காலத் தொழில்முறை வீரர்கள் மூவர் இருந்தார்கள்! திறமை இல்லை என்று எப்படிச் சொல்வது? திறமை இருந்தது, பழுக்கவில்லை. அருகருகே நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே புரிந்துகொள்ளும் பழக்கமும் வளரவில்லை. எதிரே நிற்பவன் கடைசி நொடியில் இடம் மாறினால், அவனை நான் எடுப்பதா நீ எடுப்பதா என்று இருவரும் ஒரே நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் தவறினாலும் மற்ற நால்வரின் உழைப்பு வீண். மிச்சிகன் மாநில அணி அந்த ஆண்டின் மிகச் சிறந்த தடுப்பணிகளுள் ஒன்று. சென்டரின் இருபுறமும் உள்ள சந்துகளில் ஆட்களை அனுப்புவதில் பேர் போனது. பச்சையான நடுப்பகுதிக்கு அதைவிடக் கடினமான தேர்வு கிடைத்திருக்காது.

2010இல் விட்ட இடைவெளி

நடுவில் ஏன் மூத்த மாணவர்கள் இல்லை? முன்வரிசை ஆட்டக்காரரை விதைத்த ஆண்டே அறுக்க முடியாது. பதினெட்டு வயதில் வருபவருக்கு உடல் உரம் ஏறவும் ஆட்ட அறிவு பிடிபடவும் மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். 2013இல் கைகொடுக்க வேண்டியவர்கள் 2010இலும் 2011இலும் சேர்ந்திருக்க வேண்டியவர்கள்.

2010இல் பயிற்சியாளர் ரிச் ரொட்ரிகஸ் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சேர்த்தார். அவர்களில் முன்வரிசைக்கு வந்தவர் ஒரே ஒருவர். அவரும் உடல்நலக் காரணத்தால் ஆட்டத்தை விட்டுவிட்டார். அப்போது அணியின் பலவீனம் தடுப்பாட்டத்தில் இருந்ததால் கவனம் அந்தப் பக்கம் போனது. அன்றைய தேவைக்கு அது நியாயமாகக்கூடத் தெரிந்திருக்கும். 2011 ஜனவரியில் ரொட்ரிகஸ் நீக்கப்பட்டு பிரேடி ஹோக் வந்தார். பிப்ரவரி தொடக்கத்தில் புதிய மாணவர்கள் கையெழுத்திடும் நாள். சில வாரங்களில் அவரால் எத்தனை பேரைத் தேட முடியும்? ஹோக் நிதானமாகத் தேர்ந்த முன்வரிசைப் பிள்ளைகள் 2012இல்தான் வந்தார்கள். 2013இல் அவர்கள் இரண்டாமாண்டு மாணவர்கள்.

அந்த இடைவெளி உடனே வெளியே தெரியாமல் மறைத்தவர் டெனார்ட் ராபின்சன். குவார்ட்டர்பேக்கான அவர் 2010இல் மட்டும் 1,702 கெஜம் ஓடினார். குவார்ட்டர்பேக்கே ஓடக்கூடியவரானால் எதிரணி அவருக்கென்று ஓர் ஆளை ஒதுக்க வேண்டும். முன்வரிசையின் சுமை ஒரு பங்கு குறையும். 2012உடன் ராபின்சன் படிப்பை முடித்துச் சென்றார். திரை விலகியது, ஓட்டை தெரிந்தது.

ஆட்டத் திட்டத்தின் பங்கு

இப்படிச் சொல்வதால் தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பாளரான ஆல் போர்ஜஸைக் குற்றமற்றவர் என்று சொல்ல முடியாது. முன்வரிசை வழி திறக்கப் பல முறைகள் உண்டு. ஐவரும் ஒரே திசையில் நகர்ந்து தத்தம் பரப்பில் வருபவரைத் தடுப்பது ஸோன் முறை. கார்டு தன் இடத்தை விட்டு மறுபக்கம் ஓடிப்போய் இடிப்பது பவர் முறை. இரண்டுக்கும் காலடி வேறு, பயிற்சி வேறு. இளையவர்களுக்கு ஒன்றையாவது பிசிறில்லாமல் கற்றுக்கொடுத்திருக்கலாம். இவர்களோ எல்லாவற்றிலும் சிறிது கற்றார்கள். பென் மாநில அணிக்கு எதிராக இரண்டு நல்ல டாக்கிள்களையும் ஒரே பக்கம் நிறுத்தும் அமைப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பலமானவர்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அந்தப் பக்கம்தான் ஓட்டம் வரும் என்று எதிரணிக்குச் சொல்லாமல் சொன்னது போலாயிற்று. 27 ஓட்டத்தில் 27 கெஜம் வந்த ஆட்டம் அதுதான்.

வேறு வழி இருந்தது என்பதற்கும் சான்று உண்டு. பருவத்தின் இறுதியில் ஒஹாயோ மாநில அணியிடம் 42-41 என்று தோற்ற ஆட்டத்தில், மிச்சிகன் ஏமாற்றுப் போக்குகளையும் விரைவான குறுகிய எறிதல்களையும் கலந்து ஆடி மொத்தம் 603 கெஜம் சேர்த்தது. அதே முன்வரிசைதான். வலிமையால் முடியாததைச் சூழ்ச்சியால் ஓரளவு ஈடுகட்டலாம் என்பதை அந்த ஆட்டம் காட்டியது. காலம் கடந்து காட்டியது.

உரம் இல்லை என்ற வாதம்

வீரர்களிடம் மன உரம் இல்லை என்பது எளிதான தீர்ப்பு. அக்டோபர் 19 அன்று இண்டியானா அணியை 63-47 என்று வென்றபோது இதே பிள்ளைகள் ஓடியே 248 கெஜம் சேர்த்தார்கள். டூசைன்ட் மட்டும் 151 கெஜம். அடுத்த ஆட்டத்தில் மைனஸ் 48. இரண்டு வாரத்தில் ஒருவரின் மன உரம் வந்து போய்விடுமா? இண்டியானாவின் தடுப்பு பலவீனமானது, அடுத்த அணியின் தடுப்பு மிகப் பலமானது என்பதே விளக்கம். எளிய வினாத்தாளில் தேறி, கடினமான வினாத்தாளில் தவறும் மாணவரிடம் ஆசிரியர் தேட வேண்டியது அடிப்படைப் பயிற்சியின் குறையை. குணக் குறையை அன்று.

முடிவாக

2014 ஜனவரியில் போர்ஜஸ் நீக்கப்பட்டார். புதியவர் வந்தபின் ஓட்டம் சற்றுத் தேறியது. ஆனாலும் அணி 5-7 என்று பருவத்தை முடித்தது, ஹோக்கும் நீக்கப்பட்டார். ஒருவர் தலையை வாங்குவதால் தீரும் நோயாக அது இல்லை.

நாற்பது ஆண்டுக்கு அருகில் வகுப்பறையில் கழித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் பழக்கமான ஒன்று தெரிகிறது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய பிள்ளையை எல்லோரும் கேள்வி கேட்பார்கள். அவன் ஆறாம் வகுப்பில் பின்னம் படிக்க வேண்டிய ஆண்டில் அந்த வகுப்புக்கு ஆசிரியர் இருந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஆண்டு முடிவெடுத்தவர்கள் மாற்றலாகிப் போயிருப்பார்கள். எஞ்சியிருப்பவன் பிள்ளை மட்டுமே, பழியும் அவனுக்கே. ஆன் ஆர்பரில் லட்சம் பேர் முன்னிலையில் நின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு அன்று சம்பளமும் கிடையாது, உதவித்தொகை மட்டுமே. கிளாஸ்கோவுக்குத் தொடக்கத்தில் அதுவும் இல்லை.

இந்த ஆட்டத்தைப் பார்க்கும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஏதேனும் ஓர் ஆட்டப் பதிவை எடுத்து, பந்தைப் பின்தொடராமல் நடுவில் நிற்கும் மூவரை மட்டும் பத்து முறை பாருங்கள். பிறகு அந்த மூவர் எந்த ஆண்டில் சேர்ந்தவர்கள், எத்தனை ஆட்டங்கள் அருகருகே நின்றவர்கள் என்று தேடுங்கள். அந்த அணி ஓடுமா ஓடாதா என்பதற்கான விடையில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.