சேர்ந்து பாடும் உரிமை

கூட்டு வழிபாட்டின் பெருமையைச் சொல்பவர்கள் திருவையாற்றைக் காட்டுவார்கள். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று, காவிரிக் கரையில் பெரிய வித்துவானும் இளம் மாணவியும் ஒரே தரையில் அமர்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். அழகான காட்சிதான். ஆனால் அந்த வரிசையில் பெண்ணுக்கு இடம் தானாகக் கிடைக்கவில்லை.

சிதைந்து கிடந்த தியாகராஜர் சமாதியில், தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கோயில் எழுப்பினார். குடமுழுக்கும் நடந்தது. ஆராதனை நடத்திய பெரிய கட்சியும் சின்னக் கட்சியும் தங்களுக்குள் எவ்வளவோ சண்டையிட்டன. பெண்களைப் பாட விடாததில் மட்டும் ஒற்றுமையாக இருந்தன. அவர் பணம் ஆயிற்று, குரல் ஆகவில்லை. அவர் பெண் கலைஞர்களைத் திரட்டிச் சமாதிக்குப் பின்புறம் தனியே ஆராதனை நடத்தினார். அது ‘பெண்கள் கட்சி’ ஆயிற்று. 1940களின் தொடக்கத்தில்தான் எல்லாரும் ஒன்றானார்கள்.

‘பக்திக்குத் தனிமை போதாதா, வீட்டில் பாடினால் ஆகாதா?’ என்று பெண்களிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். பக்கத்திலிருப்பவர் குரலோடு நம் குரலும் சேரும்போது, நாமும் இந்த ஊரில் ஒருத்தி என்பது எல்லார் முன்னிலையிலும் உறுதியாகிறது. கூட்டு வழிபாட்டின் மதிப்பு அதுதான். விலக்கிவைத்தவர்கள் மறுத்ததும் அதையேதான்.

இன்று நாகரத்தினம்மாளைப் பெரும்பாலும் பக்தையாகவும் கொடையாளியாகவுமே போற்றுகிறோம். அந்தப் புகழ்ச்சியில் அவருடைய போராட்டம் கரைந்துவிடுகிறது. அவர் கோயிலைக் கொடுத்தார். கோஷ்டியில் இடத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் திருவையாற்றுப் பெருமை முழுமையாகும்.