அஃப்ரோபீற் இசையும் அதன் மறுமலர்ச்சிக் குழுக்களும்: ஒரு திறனாய்வு நோக்கு

கலைவடிவம் ஒன்று தான் பிறந்த மண்ணைவிட்டுப் பிறிதொரு சமூகத்துள் வேரூன்ற முற்படும்பொழுது அதன் உருவம் எளிதிற் பெயர்ந்து செல்வதும், அதன் உள்ளடக்கம் பின்தங்கிவிடுவதும் கலை வரலாற்றில் அடிக்கடி காணப்படும் நிகழ்ச்சிகளாகும். நைஜீரியாவில் 1960களின் இறுதியில் உருப்பெற்று 1970களில் முதிர்ச்சியடைந்த அஃப்ரோபீற் இசையின் பிற்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது. 1990களின் இறுதி தொடக்கம் நியூயோர்க், லண்டன், சந்தியாகோ முதலிய நகரங்களில் இவ்விசையை மீட்டெடுக்கும் குழுக்கள் பல தோன்றின. அவற்றின் தாளத் திறனையும் ஊதற்கருவிகளின் வலிமையையும் பாராட்டாதார் இல்லை. எனினும், புத்துயிர் பெற்றது எது, பெறாதது எது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அண்மைக் காலத்தில் 'அஃப்ரோபீற்ஸ்' என்ற பன்மைப் பெயருடன் உலகச் சந்தையிற் பரவியுள்ள நைஜீரிய, கானா நாட்டு மெல்லிசை வேறானது. அது இங்கு ஆய்வுக்குரியதன்று.

அஃப்ரோபீற் இசையின் பிதாமகராகக் கொள்ளப்படும் ஃபேலா அனிக்குலாப்போ குட்டி 1938இல் அபெயோகுட்டா நகரிற் பிறந்தவர். தந்தையார் அங்கிலிக்கன் மதகுரு, பாடசாலை அதிபர், நைஜீரிய ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவர். தாயார் ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி, பெண்கள்மீது விதிக்கப்பட்ட வரிக்கு எதிராகச் சந்தைப் பெண்களை அணிதிரட்டி, 1949இல் அபெயோகுட்டாவின் அரசர் பதவி துறக்கக் காரணமாயிருந்தவர். இத்தகைய குடும்பத்திற் பிறந்தும் ஃபேலாவின் தொடக்ககால இசையில் அரசியல் எதுவும் இருந்ததாகக் கூறமுடியாது. 1958இல் லண்டன் சென்று ட்ரினிற்றி இசைக் கல்லூரியிற் பயின்ற அவர், அங்கு 'கூலா லொபிற்றோஸ்' என்ற குழுவை அமைத்து, மேற்காபிரிக்க நடன இசையான ஹைலைஃபையும் ஜாஸ் இசையையும் கலந்து வாசித்தார். நாடு திரும்பிய பின்னரும் காதலும் களிப்புமே பெரிதும் அவர் பாடற்பொருள்களாயின.

திருப்பம் 1969இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஐக்கிய அமெரிக்காவுக்குக் குழுவுடன் சென்ற ஃபேலா, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தோடு தொடர்புடைய சாண்ட்ரா ஸ்மித் என்பவரைச் சந்தித்தார். அவர் மூலமாக மல்கம் எக்ஸின் தன்வரலாறு உள்ளிட்ட நூல்களைப் படித்தார். ஆபிரிக்கர் ஒருவர் தமது ஆபிரிக்கத் தன்மையை அமெரிக்கக் கறுப்பினத்தவரின் போராட்டத்தின் வழியாகக் கண்டுகொண்டமை சிந்திக்கத்தக்கது. அஃப்ரோபீற் பிறப்பிலேயே எல்லை கடந்த கலையாக இருந்தது என்பதையும் இது புலப்படுத்துகின்றது. ஆகவே, நைஜீரியர் அல்லாதார் இவ்விசையை வாசிக்கலாமா என்ற வினாவுக்கு அதிக பொருளில்லை. எவ்வாறு வாசிக்கின்றனர், எதற்காக வாசிக்கின்றனர் என்பனவே கேட்கப்படவேண்டியவை.

உருவம், உள்ளடக்கம் ஆகியன பற்றிய விவாதம் தமிழ்த் திறனாய்வுலகிற் பழகிப்போனதொன்று. அஃப்ரோபீற்றைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்து நோக்குவது பெருந்தவறாகும். இவ்விசையில் இரு கித்தார்கள் சிறுசிறு சொற்கட்டுகள்போன்ற இசைத்துணுக்குகளை ஒன்றையொன்று இடைவெட்டுமாறு ஓயாது மீட்டுகின்றன. பேஸ் கித்தார் மாறாத ஒரு வட்டத்தைச் சுற்றிவருகின்றது. சுரைக்குடுவையில் மணிகோத்த ஷெக்கெரேயும் தாளக் கட்டைகளும் காலத்தைக் காக்கின்றன. இவை அனைத்தையும் இணைப்பது ரொனி அலனின் முழவு. மக்ஸ் றோச், ஆர்ட் பிளேக்கி ஆகிய ஜாஸ் முழவுக் கலைஞர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டுத் தாமாகவே பயின்ற அலன், இரு கைகளும் இரு கால்களும் நான்கு வெவ்வேறு வழிகளிற் சென்று ஒரே நடையிற் கூடும்வண்ணம் வாசித்தார். இத்தளத்தின் மீதே ஊதற்கருவிகள் எழும்; தனியிசை நீளும்; பல நிமிடங்கள் கழிந்த பின்னரே பாடகரின் குரல் கேட்கும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாடல் நிறைப்பது சாதாரணமாயிற்று. 1975இல் வெளிவந்த 'கொன்ஃபியூஷன்' இருபத்தைந்து நிமிடங்கள் வரை நீள்வது.

இந்நீளம் அலங்காரமன்று, அதற்கொரு பணி உண்டு. லாகோஸ் நகரில் 'ஷ்ரைன்' எனப்பட்ட அவரது அரங்கிற்கு வந்தவர்கள் வேலையற்ற இளைஞரும் மாணவரும் தொழிலாளரும் ஆவர். தனித்தனியே வந்தோரை ஆடவைத்து, களைக்கவைத்து, ஒரே மூச்சுடைய கூட்டமாக மாற்றும் காரியத்தை இசையின் முதற்பகுதி செய்தது. அக்கூட்டம் திரண்ட பின்னரே சொல் வந்தது. வந்த சொல்லும் பொதுவான அறவுரையாக அமையவில்லை. படைத்தலைவர், அமைச்சர், பன்னாட்டு நிறுவனம், அதன் உள்ளூர் முகவர் என அது குறிபார்த்துச் சென்றது. அச்சொல்லுக்குக் குழுப்பாடகியர் விடையிறுத்தனர், அரங்கிலிருந்தோரும் விடையிறுத்தனர். யொரூபா மொழியோடு மட்டும் நில்லாது, பிட்ஜின் எனப்படும் கலப்பு ஆங்கிலத்தை அவர் தேர்ந்துகொண்டமையும் இந்நோக்கத்திற்கு இயைந்ததே. பல்கலைக்கழக ஆங்கிலத்தில் எள்ளப்பட்ட அம்மொழி, இனக்குழு எல்லைகளைத் தாண்டி மேற்காபிரிக்கச் சாதாரண மக்கள் அனைவருக்கும் விளங்கக்கூடியதாயிருந்தது.

1976இல் வெளிவந்த 'சொம்பி' இவ்வியல்புகள் அனைத்தும் ஒருங்கே திரண்ட பாடல். ஏவியதைச் செய்யும் உயிரற்ற உடலாகப் படைவீரனை உருவகித்து, அணிவகுப்புக் கட்டளைகளையே பாட்டின் வினாவிடையாக்கிய துணிவு அதில் உண்டு. சிறுவர்கள் தெருவிற் படையினரைக் கண்டு அதனைப் பாடுமளவுக்கு அது பரவிற்று. 1977இன் தொடக்கத்தில் லாகோஸில் நடைபெற்ற மாபெரும் ஆபிரிக்கக் கலைவிழாவை ஃபேலா புறக்கணித்தார். விழாவுக்கு வந்த வெளிநாட்டுக் கலைஞரோ ஷ்ரைனைத் தேடிச் சென்றனர். விழா முடிந்த சில நாட்களில், 1977 பெப்ரவரி 18ஆம் திகதி, ஏறத்தாழ ஆயிரம் படையினர் 'கலக்குட்டாக் குடியரசு' என அவர் பெயரிட்டிருந்த இல்லத்தைச் சூழ்ந்து தாக்கி எரித்தனர். மாடி யன்னலிலிருந்து வீசப்பட்ட தாயார் காயங்களின் விளைவாக அடுத்த ஆண்டு இறந்தார். அரசாங்க விசாரணை பழியை அடையாளந் தெரியாத படைவீரன்மீது சுமத்திற்று. அச்சொற்றொடரையே ஃபேலா தம் அடுத்த பாடலொன்றின் தலைப்பாக்கினார். தாயின் சவப்பெட்டியை ஆட்சித் தலைவரின் வாயிலுக்குக் கொண்டுசென்ற நிகழ்ச்சியையும் பாடலாக்கினார். எதிரியின் சொல்லைப் பறித்து எதிரிக்கே திருப்பியனுப்பும் இவ்வாற்றலே அஃப்ரோபீற்றின் உயிர்நாடி எனலாம்.

ஃபேலாவைக் குறையற்ற வீரராகக் காட்டுவது விமர்சனமாகாது. அடிமை மனப்பான்மையைச் சாடிய அவர் பெண்கள் விடயத்தில் ஆண் ஆதிக்கத்தை ஆபிரிக்க மரபு என்ற பெயரால் நியாயப்படுத்தினார். 1972இல் வெளிவந்த 'லேடி' சமத்துவம் கோரும் பெண்ணை மேனாட்டு மோகமுடையவளாக எள்ளுகின்றது. 1975இன் 'மற்றஸ்' அதனினும் கீழிறங்குகின்றது. 1978இல் ஒரே நாளில் இருபத்தேழு பெண்களை அவர் மணந்தார். அவர்களுட் பெரும்பாலோர் அவரது குழுவின் பாடகியரும் ஆடற்கலைஞரும் ஆவர். 1977இன் தாக்குதலிற் கொடுமைக்கு உள்ளானோர் பலரும் அவர்களுள் இருந்தனர். வினாவுக்கு விடையிறுத்த அப்பெண் குரல்கள் இன்றி அஃப்ரோபீற் இல்லை. ஆயினும் வினாவை எழுப்பும் உரிமை அக்குரல்களுக்கு வழங்கப்படவில்லை. சந்தைப் பெண்களுக்குத் தலைமைதாங்கிய தாயின் மைந்தரிடத்துக் காணப்படும் இம்முரண்பாடு, மரபைப் பின்பற்ற விழைவோர் எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது என்று தேர்ந்தே ஆகவேண்டும் என்பதை உணர்த்துகின்றது.

ஃபேலா 1997 ஓகஸ்ற் 2ஆம் திகதி காலமானார். மறு ஆண்டே நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் 'அன்ரிபலாஸ்' தோன்றிற்று. குண்டு துளைக்காதது என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர் கொண்ட இக்குழுவில் பல இனத்தவர் இடம்பெற்றனர். மறுமலர்ச்சிக் குழுக்களுள் முதன்மை பெறும் தகுதி இதற்குண்டு. 2004இல் வெளிவந்த 'ஹூ இஸ் திஸ் அமெரிக்கா?' என்ற தொகுப்பு, ஈராக்கியப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில் அமெரிக்காவையே வினாவுக்குட்படுத்தியது. அதிலுள்ள 'இன்டைற்மென்ற்' என்ற ஆக்கம் நீதிமன்றக் குற்றச்சாட்டு என்னும் பாவனையில் அந்நாட்டின் ஆட்சியாளரைக் கூண்டிலேற்றுகின்றது. ஃபேலாவின் எதிரிகளை இரவல் பெறாது தம் நாட்டு எதிரியை நேர்நின்று சுட்டியமையால் இது பின்பற்றலாக அன்றித் தொடர்ச்சியாக அமைகின்றது.

இதே குழுவினர் இசை வழங்கிய 'ஃபேலா!' என்ற இசைநாடகம் வேறு திசையைக் காட்டுகின்றது. பில் ரி. ஜோன்ஸின் நெறியாள்கையில் 2009இல் புறோட்வே அரங்கேறிய அது ஷ்ரைனை மேடையில் மீள அமைத்தது. மூன்று ரொனி விருதுகளையும் வென்றது. ஆடலின் செம்மையிற் குறைகூற இடமில்லை. ஆனால், அங்கு எதிரி வரலாற்றுப் பாத்திரமாகிவிட்டான். நைஜீரியாவின் கடந்தகாலச் சர்வாதிகாரியை வெறுப்பதற்கு நியூயோர்க்கில் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்தவர் எதனையும் இழக்கவேண்டியதில்லை. ஷ்ரைனிற் பாடியவரும் கேட்டவரும் ஒரே ஆபத்தைப் பகிர்ந்துகொண்டனர். புறோட்வேயிலோ ஆபத்து காட்சிப்பொருளாயிற்று.

நைஜீரியாவில் ஃபேலாவின் மைந்தர் இருவரும் இருவேறு வழிகளைக் கைக்கொண்டனர். மூத்தவர் ஃபெமி, பாடல்களைச் சுருக்கி, வானொலிக்கும் வெளிநாட்டு மேடைக்கும் ஏற்ப இறுக்கமாக்கினார். 2000ஆம் ஆண்டில் லாகோஸில் 'புதிய ஆபிரிக்கா ஷ்ரைன்' திறக்கப்பட்டதன் மூலம் கூட்டம் கூடுவதற்கான களமும் மீண்டது. இளையவர் ஷெயுன், தந்தையின் இறுதிக் குழுவான 'எகிப்து 80'ஐத் தம் பதினான்காம் வயதிலிருந்து வழிநடத்தி, நெடிய வடிவத்தையே பேணினார். 2012இன் எரிபொருள் விலை எதிர்ப்பிலும், 2020இல் பொலிஸ் கொடுமைக்கு எதிராக இளைஞர் நடத்திய போராட்டத்திலும் ஃபேலாவின் பழைய பாடல்கள் தெருக்களில் ஒலித்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய பாடல் பொருந்துவதாயிருந்தது பாடலின் பெருமையை மட்டுமன்றி, ஆட்சியின் மாறாத் தன்மையையும் காட்டுகின்றது.

சில்லி நாட்டின் சந்தியாகோவில் 2009இல் அமைந்த 'நியூவென் அஃப்ரோபீற்' பிறிதொரு காரணத்தாற் கவனத்துக்குரியது. அங்கு பெண் குரல் முன்னணிக்கு வருகின்றது. ஃபேலாவின் இசையில் விடையிறுக்கும் நிலையிலேயே நிறுத்தப்பட்ட பெண் இங்கு வினாவை எழுப்புபவளாகின்றாள். தாளத்தில் ஒரு மாற்றமும் செய்யாமலே மரபின் பெருங்குறையொன்று இவ்வகையில் திருத்தப்படுகின்றது. மரபுக்கு விசுவாசமாக இருத்தல் என்பது அதன் பிழைகளுக்கும் விசுவாசமாக இருத்தலன்று என்பதற்கு இது நல்ல சான்று.

இசையை இசையாகவே துய்க்கக் கூடாதா, ஒவ்வொரு நடனத்துக்கும் அரசியல் வேண்டுமா என்ற ஆட்சேபம் இங்கு எழலாம். அது புறக்கணிக்கத்தக்கதன்று. அலனின் தாளமுறை தன்னளவிலேயே அரிய அறிவுச் செல்வம். 2020இல் பாரிஸில் அவர் மறைந்த பின்னரும் அதனை உலகெங்கும் இளைஞர் பயில்வதற்கு மறுமலர்ச்சிக் குழுக்களின் உழைப்பு உதவியுள்ளது. ஆனால், அலனும் வெறுந்தாளத்தோடு நின்றவரல்லர். ஃபேலாவைப் பிரிந்த பின் 1980களின் நடுப்பகுதியில் அவர் வெளியிட்ட 'நேப்பா' என்ற தொகுப்பு, நைஜீரிய மின்சார சபையின் பெயர்ச்சுருக்கத்தையே கேலியாக்கி, ஓயாத மின்வெட்டைப் பொருளாகக் கொண்டது.

பதிவாகி வெளிவந்த பாடலை மேடையில் மீண்டும் இசைப்பதில்லை என்பது ஃபேலா நெடுங்காலம் கைக்கொண்ட வழக்கம். நேற்றைய பாடல் நேற்றைய செய்தி. இன்றைய கூட்டத்துக்கு இன்றைய பாடல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின், ஃபேலாவின் இசைத்தட்டுகளைப் பிசகின்றி வாசிக்கும் குழுக்கள் அவரது கொள்கையிலிருந்து வெகுதூரம் விலகியவையே. அவை இசையின் முதற்பகுதியை மட்டும் சுவீகரித்துக்கொண்டவை: கூட்டத்தைத் திரட்டுகின்றன, திரண்ட கூட்டத்துக்குச் சொல்ல அவற்றிடம் எதுவுமில்லை. தம் ஊரின் அநீதியைப் பெயர்சொல்லி அழைக்கவும், அதன் விளைவை ஏற்கவும் முன்வரும் குழுவே, அது எந்நாட்டினதாயினும், அஃப்ரோபீற்றின் வாரிசு என உரிமைகொண்டாடத் தகுதியுடையது.